ஒரே ஒரு கட்டம்

அன்று காலை பதினொரு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். மேசையின் தலைமாட்டில் பெரிய டாக்டர். அவருக்கு வலப்பக்கம், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஆலோசகி. இடப்பக்கம், நாற்காலியைக் கைக்குட்டையால் இருமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்த ஆய்வகக்காரர்; ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ‘சுத்தம்’ என்றுதான் பெயர். ஜன்னலோரம் டைனமோ. சைக்கிள் பழுது பார்ப்பவன், வயது முப்பத்தெட்டு, கூட்டமே அவனைப் பற்றியது. அவனுக்கு நேர் எதிரே, அவனைப் பார்க்காமல் அவன் தலைக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்தபடி அவன் அக்கா, தையல்காரி. கதவருகே தராசம்மா. அவருக்குப் பின்னால், ஒரு கால் குட்டையான ஸ்டூலில் ஆடிக்கொண்டு பாலிசி.

கடைசி இருவரையும் பற்றி ஒரு வார்த்தை. தராசம்மா இருபத்தெட்டு வருடம் எடை, அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர். கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார், படிக்கல்லின் அடியைப் பார்ப்பார். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தையே துப்பறியும் தொழிலாக்கிக்கொண்டார். உதவியாளன் பாலிசி முன்பு ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். ஆறு வருடத்தில் அவனிடம் பாலிசி எடுத்தவர்கள் இருவர். இரண்டாமவர் முதலாமவரின் மனைவி. அவரும் அவன் பேச்சை நிறுத்துவதற்காகத்தான் கையெழுத்துப் போட்டதாகக் கேள்வி.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“விஷயம் சின்னது, சிக்கல் பெரிசு. இவர் பல வருஷம் முன்னாடி கூட்டாளிங்களோட போதை ஊசி பகிர்ந்துக்கிட்டவர். அதுல எச்.ஐ.வி. வந்தது, கூடவே ஹெபடைடிஸ் சி-யும் வந்தது. ஊசியை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. எச்.ஐ.வி. மாத்திரையில அடங்கியிருக்கு. ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தின்னுது, அதுக்குத் தனியா பன்னிரண்டு வாரம் மருந்து கொடுத்தோம். வைரஸ் போயிடுச்சு. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா திரும்ப இருக்கு.”

“வாடகை பாக்கி வச்சுட்டுப் போனவன் திரும்பி வந்த மாதிரி,” என்றான் பாலிசி.

“அப்படி வந்திருந்தா பிரச்சினையே இல்ல. போனது ஒண்ணாம் வகை. வந்திருக்கிறது மூணாம் வகை.”

“அதாவது, ஆளே வேற?”

“ஆளே வேற. இந்த வைரஸ் தன்னைத் தானே காப்பி எடுக்கும், ஆனா தப்புத் தப்பா எடுக்கும். ஒரே உடம்புல லட்சக்கணக்கான காப்பி, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். எச்.ஐ.வி. இருக்கிறவங்க உடம்புல காவல் கொஞ்சம் அசந்து இருக்கிறதால, அந்த வித்தியாசம் இன்னும் தாராளமாவே இருக்கலாம்.”

“ஆறாம் வகுப்புல முன்பெஞ்சுக்காரனைப் பார்த்து நான் பரீட்சை எழுதின மாதிரி.”

“அதேதான். ஆனா எவ்வளவு தப்பாக் காப்பி அடிச்சாலும் கணக்குப் பேப்பர் வரலாற்றுப் பேப்பர் ஆயிடாது, இல்லையா? ஒண்ணாம் வகை மூணாம் வகையா மாறாது. அப்போ மூணு வெளியில இருந்துதான் வந்திருக்கணும்.”

‘வெளியில இருந்து’ என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை. டைனமோ தன் விரல் நகத்திலிருந்த கிரீஸைப் பார்த்தான்.

டாக்டர் ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். மேலிடத்துக்குப் போகவேண்டிய படிவம். பழைய நோய் திரும்பியிருந்தால் இந்த மாதமே இரண்டாம் மருந்து. புதிதாகத் தொற்றியிருந்தால் காத்திருப்போர் பட்டியல், குறைந்தது ஒரு வருடம்.

“ஊசி போட்டவனுக்கும் கல்லீரல் ஒண்ணுதான், காக்க வைக்காதீங்கன்னு மூணு தடவை எழுதிட்டேன். விதியை நான் எழுதல, மாத்தவும் முடியல. இவர் கல்லீரல் ஒரு வருஷம் தாங்குமான்னு கேட்டா, என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. தபால் மூட்டை இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பும். அடுத்த மூட்டை போகும்போது இந்த மருந்து ஒதுக்கீட்டுச் சுற்றே முடிஞ்சிருக்கும்.”

ஆலோசகி ஃபைலைத் திறந்தாள். அவள் கெட்டவள் இல்லை, கண்ணில் பட்டதை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவள். பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள சந்தில், மூன்று செவ்வாய்க்கிழமைகள், மாலை ஆறு மணிக்கு டைனமோ நுழைவதைப் பார்த்திருக்கிறாள். அவனுடைய பழைய கூட்டாளிகள் உட்காரும் இடம் அந்தச் சந்தின் பூட்டிய கிடங்குத் திண்டு. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான்.

“எங்க போறீங்கன்னு நானே கேட்டேன். சொல்ல மாட்டேங்கிறார்.”

“எங்கயும் இல்ல,” என்றான் டைனமோ ஜன்னலிடம்.

“எங்கயும் இல்லாத இடத்துக்கு முழுக்கைச் சட்டையா? பாதிப் பேர் கல்யாணத்துக்கே போடறதில்லையே,” என்றான் பாலிசி.

அக்கா முதல்முறையாகக் காலண்டரை விட்டுக் கண்ணெடுத்தாள். “ஏழு வருஷம் முன்னாடி என் முன்னால நின்னு சொன்னான். இனிமே தொட்டா நான் உனக்குத் தம்பி இல்லன்னு. நான் கேக்கல, அவனே சொன்னான். அம்மா, உங்களை நான் கூட்டிட்டு வந்தது ஒண்ணுக்குத்தான். இவன் பொய் சொன்னானா இல்லையா? சொல்லிட்டுப் போயிடுங்க.”

தராசம்மா ஆலோசகியிடம் திரும்பினார். “சட்டை இஸ்திரி போட்டிருந்ததா?”

“ம்... ஆமா. மடிப்பு கத்தி மாதிரி.”

“திரும்பி வரும்போது பார்த்தீங்களா?”

“ஒரு தடவை பார்த்தேன். அரைமணி நேரத்துல வந்தார்.”

“அப்போ மடிப்பு?”

ஆலோசகி யோசித்தாள். நேர்மையானவளாதலால் கொஞ்சம் சிரமப்பட்டே சொன்னாள். “அப்படியேதான் இருந்துச்சு.”

“முழங்கைவரை சுருட்டாம ஊசி போட முடியாது. சுருட்டினா மடிப்பு நிக்காது.” தராசம்மா எழுந்தார். “பாலிசி, வா. எங்கயும் இல்லாத இடத்தைப் போய்ப் பார்த்துட்டு வரலாம்.”

டைனமோ அவசரமாக, “அம்மா, அங்க போகாதீங்க,” என்றான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. தராசம்மா அதையும் குறித்துக்கொண்டார். பயந்தவனுக்கு முகம் வெளுக்கும். காது சிவப்பது வேறு கணக்கு.

*

சந்தில் இருபுறமும் பூட்டிய கிடங்குகள், ஒரு திண்டு, திண்டில் ஒரு பூனை. பழைய கூட்டாளிகள் யாருமில்லை. கோடியில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. கதவுக்கு மேல் இரண்டடி அகலத்தில் வரைந்த ஒரு கண்.

“நம்மளைப் பார்க்கிறாங்க மேடம்,” என்றான் பாலிசி.

உள்ளே கண்ணாடிக் கடைக்காரி ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தன் மூக்கிலும் கண்ணாடி, தலையில் இன்னொன்று, கழுத்தில் கயிற்றோடு மூன்றாவது.

“செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு இங்க ஒருத்தர் வருவாரா? முழுக்கைச் சட்டை, நகத்துல கிரீஸ்.”

கடைக்காரி லென்ஸைத் துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். “நீங்க யாரு?”

“அவங்க அக்கா அனுப்பினாங்க.”

“ஐயோ. தெரிஞ்சிடுச்சா?”

“என்ன தெரியணும்?”

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, ஊசிநூலில் கோத்த சீட்டுகளை எடுத்து வைத்தாள். கண் பரிசோதனைச் சீட்டுகள். ஒன்பது செவ்வாய்க்கிழமைகள், ஒன்பது சீட்டுகள், தேதியும் நேரமும் போட்டு. எல்லாவற்றிலும் வலது கண் குறையில்லை, இடது கண் குறையில்லை.

பாலிசி ஒவ்வொன்றாகப் பார்த்தான். “ஒன்பது தடவையுமா?”

“கடைசி வரியை, அதான் எறும்பு மாதிரி எழுத்து, அதைக் கதவுக்கு வெளியில நின்னே படிப்பார். படிச்சிட்டு, ‘கொஞ்சம் மங்கலா இருக்கு, அடுத்த வாரம் பார்த்துக்கலாமா’ன்னு கேப்பார்.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“பார்த்துக்கலாம்னுவேன்.” அவள் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மறுபடி வைத்தாள். “அம்மா, அவர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போறார், எதுக்குப் போறார்னு என்கிட்ட மறைக்கல. ரெண்டாவது வாரமே எல்லாத்தையும் சொல்லிட்டு, இனிமே வரட்டுமா வேண்டாமான்னு கேட்டார். யோசிச்சேன். டாக்டர்கிட்டயும் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம்தான் மூணாவது டெஸ்ட்.”

“இதை ஏன் அக்காகிட்ட மறைக்கிறார்?”

“இன்னிக்குச் சொன்னா நாளைக்கு டேப்போட வந்து என்னை அளவெடுத்துட்டுப் போயிடுவாங்களாம். நாளன்னிக்குள்ள முகூர்த்த ஜாக்கெட் தயாராயிடுமாம். கொஞ்சம் நிதானமா போவோம்னார்.”

இந்த இடைவெளியில் பாலிசி தனக்கும் இலவசமாக ஒரு பரிசோதனை கேட்டு வாங்கி, உயர நாற்காலியில் ஏறியிருந்தான். மூக்கின் மேல் லென்ஸ் மாற்றி மாற்றிப் பொருத்தும் அந்தக் கனத்த வட்டச் சட்டம். ஒரு கண்ணில் வெறும் வளையம், மறு கண்ணில் சிவப்புக் கண்ணாடி. “மேடம், பாதி உலகம் கோபமா இருக்கு,” என்றான்.

தராசம்மா சீட்டுக் கொத்தை வாங்கிக்கொண்டு, அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கினார். பஸ் நிலையம் தாண்டிய பிறகுதான், அவன் மூக்கில் அந்தச் சட்டம் இன்னும் இருப்பதைக் கவனித்தார்.

“திருட்டு.”

“கடன். இன்னொரு தடவை அந்தக் கடைக்குப் போக நமக்கும் ஒரு காரணம் வேணாமா? டைனமோகிட்ட கத்துக்கிட்டேன்.”

*

மணி ஒன்றே கால். ஒன்பது சீட்டுகளையும் அக்கா மடியில் பரப்பி வைத்துப் படித்தாள். ஐந்தாவதில் அவள் உதடு துடித்தது. ஏழாவதில் துடித்தது அழுகை இல்லை என்று தெரிந்தது.

“டேய். ஒன்பது தடவை கண்ணைக் காட்டியிருக்கியே, ஒரு தடவை வாயைத் திறந்தியாடா?”

“அக்கா, ஆஸ்பத்திரியில வச்சுக் கேக்காத.”

“வீட்டுல கேட்டா சைக்கிளைத் துடைக்கப் போயிடுவ. பொண்ணு உயரம் எவ்வளவு?”

“பார்த்தீங்களா அம்மா,” என்றான் டைனமோ தராசம்மாவிடம், பரிதாபமாக.

ஆலோசகியும் சிரித்துவிட்டாள். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“எனக்கும் சந்தோஷந்தான். ஆனா இது செவ்வாய்க்கிழமைக்கு மட்டுந்தான் சாட்சி. வாரத்துல இன்னும் ஆறு நாள் இருக்கு. மூணாம் வகை எங்கிருந்து வந்துதுன்னு மேலிடம் கேட்டா, கண்ணாடிக் கடைச் சீட்டையா அனுப்புவேன்?”

அக்கா சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவளுடைய சந்தேகம் தீர்ந்துவிட்டது, ஆனால் படிவத்தின் சந்தேகம் அப்படியே இருந்தது. ஐந்து மணிக்கு மூட்டை கிளம்பப்போவது அவளுடைய நம்பிக்கையைச் சுமந்துகொண்டு அல்ல.

தராசம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “டாக்டர், ஒரு ஆள் உடம்புல ரெண்டு வகையும் சேர்ந்தே இருக்குமா?” என்று கேட்டார்.

“இருக்கலாம். புத்தகத்துல இருக்கு. ஊசி பகிர்ந்துக்கிட்டவங்க, அதுலயும் எச்.ஐ.வி. இருக்கிறவங்க, அவங்ககிட்ட ஒண்ணுக்கு மேல வகை குடியிருக்கிறது அதிசயம் இல்லன்னு படிச்சிருக்கேன். ஒண்ணு பெருத்திருக்கும், இன்னொண்ணு அதோட நிழல்ல பதுங்கியிருக்கும்.”

“பெருத்ததுக்கு மருந்து கொடுத்து அதைத் தீர்த்தா?”

“நாம கொடுத்தது ஒண்ணாம் வகைக்குத் தோதான மருந்து. பதுங்கினது மூணா இருந்தா...” டாக்டர் நிறுத்தினார். “ஆனா இங்க அப்படி ஒரு கேஸ்கூட வந்ததில்லையே. நம்ம லேப்ல இதுவரை இருநூத்திப் பத்துப் பேருக்கு வகை பார்த்திருக்கோம். எல்லாம் ஒத்தை வகை. அதனால நம்ம பக்கம் அது இல்லன்னு விட்டுட்டேன்.”

“இருநூத்திப் பத்துல ஒண்ணுகூட இல்ல?”

“ஒண்ணுகூட இல்ல.”

“நான் ஒரு கடைக்குப் போறேன்னு வச்சுக்கோங்க,” என்றார் தராசம்மா. “இருநூத்திப் பத்து பூசணிக்காயை எடை போடறாங்க. எல்லாமே முழுக் கிலோ. ரெண்டு கிலோ, மூணு கிலோ, நாலு கிலோ. கிராம் கணக்கே இல்ல. அப்போ நான் பூசணிக்காயைச் சந்தேகப்படுவேனா, தராசைச் சந்தேகப்படுவேனா?”

எல்லோரும் சுத்தத்தைப் பார்த்தார்கள். சுத்தம் மேசையிலிருந்த ஒரு தூசியைப் பார்த்தார்.

*

ஆய்வகத்தில் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பாலிசியை இருமுறை கை கழுவச் சொன்னார்கள். “ஆபரேஷன் யாருக்கு?” என்று கேட்டான். மூக்கிலிருந்த வட்டச் சட்டத்தைக் கழற்றச் சொன்னபோது, பார்வை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தான்.

சுத்தத்தின் பதிவேடு ஒரு கல்யாணப் பத்திரிகையைப் போல இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம். பக்கத்தின் நடுவே, பரிசோதனையில் பயன்பட்ட விரல் நீள வெள்ளைப் பட்டையைப் பசை போட்டு நேராக ஒட்டியிருந்தார். வைரஸ் எந்த வகையோ, அந்த வகைக்குரிய இடத்தில் பட்டையில் குறுக்கே கரும்பழுப்புக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தைப் பார்த்து, கீழே படிவத்திலிருப்பது போன்ற ஒரு கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும். வலது மூலையில், ஸ்கேல் வைத்துக் கோடிட்ட சதுரத்துக்குள், ‘சரிபார்க்கப்பட்டது’ என்று சிவப்பு சீல்.

தராசம்மா பக்கங்களைப் புரட்டினார். எல்லா சீலும் சதுரத்துக்குள், இம்மி பிசகாமல். டைனமோவின் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

அங்கே சதுரம் காலியாக இருந்தது. சீல் பட்டையின் மேலேயே விழுந்திருந்தது. ஒண்ணாம் வகைக்கான கோடு திட்டவட்டமாக மேலே தெரிந்தது. அதற்குக் கீழே பட்டையின் பாதியைச் சிவப்பு மை மூடியிருந்தது.

“கை தவறிடுச்சா?”

“ஆமா,” என்றார் சுத்தம்.

“உங்களுக்கா?” என்றார் தராசம்மா.

அவர் ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ரசாயனம் வைத்துத் துடைத்தால் மையோடு எல்லாம் போய்விடும் என்று சுத்தம் சொன்னார். அதுவும் உண்மைதான். பழைய ரத்தத்தில் ஒரு சொட்டு உறைபெட்டியில் இருந்தது. ஆனால் அதை எடுத்துத் திரும்பப் பரிசோதிக்க முழுதாக ஒரு நாள் வேண்டும். மணி இரண்டரை.

பாலிசி தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். வளையக் கண் உறுத்தியதால் அதை மூடிக்கொண்டான்.

“மேடம், எந்த சீலைப் பத்திப் பேசறீங்க?”

“கண் முன்னாடி இருக்கே, இதுதான்.”

“இங்க சீலே இல்லையே. ஒரு பட்டை, மேல கறுப்பா ஒரு கோடு, கீழ சாம்பலா ரெண்டு கோடு. எனக்கு நிஜமாவே கண் டெஸ்ட் வேணும் போலிருக்கு.”

தராசம்மா அவன் மூக்கிலிருந்த சட்டத்தை ஒரே இழுப்பில் பிடுங்கித் தன் கண்ணில் வைத்தார். சிவப்புக் கண்ணாடி வழியே பார்க்கையில் வெள்ளைக் காகிதமும் சிவந்தது. சிவப்பு மை அதோடு கரைந்து காணாமல் போனது. மிஞ்சியவை பழுப்புக் கோடுகள் மட்டும். மேலே ஒன்று அழுத்தமாக. கீழே இரண்டு, மூச்சுவிட்டால் கலைந்துவிடும் போல மெலிதாக.

சட்டத்தை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் பார்த்தார். கழற்றினார். மறுபடி பார்த்தார்.

“மூணாம் வகைக்கு உண்டான இடம்,” என்றார். “மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடியே. பத்து மாசம் முன்னாடியே இருந்திருக்கு.”

“மூக்கைச் சொறிஞ்சுக்க முடியாம ரெண்டு மணி நேரம் இதைச் சுமந்தேன்,” என்றான் பாலிசி. “என் பேரையும் எழுதுங்க.”

சுத்தம் நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

“வேணும்னு மறைக்கல,” என்றார். “நான் வேலைக்கு வந்த வருஷம், ஒருத்தருக்கு ரெண்டு இடத்துல கோடு. கட்டத்துல ‘ஒண்ணு, மூணு’ன்னு எழுதி அனுப்பினேன். மேலிடத்துல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு கட்டத்தில் ஒரு எண் மட்டும், தெளிவாக எழுதவும்னு. கையெழுத்துக்குப் பக்கத்துல சிவப்பு மையில சுழிச்சு. என் வேலையில யாரும் அப்படிச் சுழிச்சதில்ல.”

“அதுக்கப்புறம்?”

“அழுத்தமான கோட்டை எழுதினேன். மங்கலா இருக்கிறதை... அழுக்குன்னு நினைச்சுக்கிட்டேன். மொதல்ல நினைச்சேன், அப்புறம் நம்பிட்டேன். அழுக்கு தெரியாம இருக்கட்டும்னு அது மேல சீல். பக்கம் பார்க்கவும் நல்லா இருந்துச்சு.”

“எத்தனை பக்கம்?”

சுத்தமே பதிவேட்டை இழுத்துப் புரட்டத் தொடங்கினார். டாக்டர் சிவப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சீல் இடம் மாறி விழுந்த பக்கங்கள் பதினான்கு. மூன்றில் உண்மையிலேயே அழுக்கு. அந்த மூன்று முறையும் சுத்தத்தின் முகத்தில் ஒரு சிறு நிம்மதி வந்து போனது. பதினொன்றில் கோடுகள். பதினொருவரும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள்.

“இதுல எத்தனை பேருக்கு வைரஸ் திரும்பி வந்துச்சு?” என்று தராசம்மா கேட்டார்.

ஆலோசகி ஃபைலைப் புரட்டினாள். புரட்டும்போதே அவள் விரல் மெதுவானது.

“நாலு பேர். இவரையும் சேர்த்து.” அவள் நிமிர்ந்தாள். “மத்த மூணு பேரும் காத்திருப்போர் பட்டியல்ல இருக்காங்க. ‘புதிதாகத் தொற்றியது’ன்னு அவங்க படிவத்துல எழுதினது என் கைதான். ஒரு அம்மா என் எதிர்ல உட்கார்ந்து, நான் எங்கயும் போகலங்க, எங்கயும் போகலங்கன்னு ஒரு மணி நேரம் சொன்னாங்க. நான் தலையை ஆட்டிக்கிட்டே எழுதினேன்.”

யாரும் பகடி செய்யவில்லை. பாலிசிகூட.

*

மணி மூன்று நாற்பது. மறுபடியும் அதே அறை. ஆனால் இம்முறை யாரும் தங்கள் இடத்தில் உட்காரவில்லை. டாக்டர் ஜன்னலோரம் நின்றபடி சொல்லச் சொல்ல, ஆலோசகி எழுதினாள். அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் ஊதி மை காயவைத்தாள்.

கடிதம் நான்கு பேருக்கானது. மருந்துக்கு முன்பே இரு வகையும் இருந்தன, ஒன்றுக்குரிய மருந்து அதை மட்டும் தீர்த்தது, மற்றது மிஞ்சியது, ஆகவே இது பழைய நோய், புதுத் தொற்று அல்ல, உறைபெட்டியிலுள்ள ரத்தத்தின் மறுபரிசோதனை முடிவு பின்னால் வரும். பதிவேட்டுப் பக்கங்களைச் சிவப்புக் கண்ணாடியோடும் இல்லாமலும் எடுத்த படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

சிக்கல் படிவத்தில்தான் வந்தது. நான்கு படிவங்கள், ஒவ்வொன்றிலும் வகைக்கு ஒரே ஒரு கட்டம்.

“ஒரு கட்டத்துல ரெண்டு எண் எழுதினா திருப்பிடுவாங்க,” என்றார் டாக்டர். “திருப்பினா சுற்று முடிஞ்சிடும்.”

“எழுதாதீங்க,” என்றார் தராசம்மா. “ஆய்வகக்காரர் எழுதட்டும். அவருக்குத்தான் அந்தக் கட்டத்தோட பழக்கம்.”

அது தண்டனையா சலுகையா என்று சுத்தத்துக்குப் புரியவில்லை. கை தவறி சீல் விழுந்துவிட்டது என்று இப்போதுகூடச் சொல்லிவிடலாம். டாக்டர் அப்படியே எழுதத் தயாராகத்தான் இருந்தார். சுத்தம் பேனாவை எடுத்தார். கட்டத்துக்குள் ஒன்று என்று எழுதினார். ஸ்கேலைத் தேடினார், கிடைக்கவில்லை. அக்கா தன் பையிலிருந்து அளவு நாடாவை நீட்டினாள். அது வளைந்து கொடுத்தது. அச்சிட்ட கட்டத்துக்குப் பக்கத்தில், வெறும் கையால், இன்னொரு கட்டம் வரைந்தார். கோடு கோணியது. ஒரு மூலை சேரவே இல்லை. அதற்குள் மூன்று என்று எழுதினார். நான்கு படிவங்களிலும் அப்படியே, நான்கும் நான்கு விதமான கோணலில்.

கடிதத்தின் அடியில், டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே, கேட்காமலே அவர் ஒரு வரி சேர்த்தார்: ‘மங்கலான கோடுகளைப் பதிவு செய்யாமல் விட்டது என் தவறு. இந்நால்வர் மீதும் தவறில்லை.’

எழுதி முடித்ததும் ‘தவறில்லை’க்கு மேல் ஒரு சொட்டு மை விழுந்தது. அவர் இன்னொரு தாளை எடுத்தார். “வேற தாள்ல எழுதித் தரட்டுமா?” என்றார்.

“மணி நாலே முக்கால்,” என்றான் டைனமோ. ஆய்வகத்துக்குப் போன பிறகு அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான். “பரவாயில்ல சார். படிக்க முடியுது. எனக்குப் பார்வை நல்லா இருக்குன்னு சீட்டே இருக்கு, ஒன்பது.”

சுத்தம் அவனை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்க முயன்று முடியாமல், தாளை மடித்தார்.

உறையின் மடிப்பில் பசை காய்ந்திருந்தது. ஆலோசகி பசைப் புட்டியைக் கொண்டுவந்தாள். அக்கா, துணி ஓரம் மடிப்பவளின் கையோடு, மடிப்பை ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தி நீவினாள். இரண்டு முறை நீவினாள். பிறகு யாரிடமும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு நடந்தாள். மற்ற ஆறு பேரும் பின்னால் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது.

தபால் அறையில் மூட்டையின் வாயைக் கட்டப்போன ஊழியர் கயிற்றைப் பல்லில் கடித்தபடி அவர்களை எண்ணினார்.

“ஒரு உறையைக் கொடுக்கவா இத்தனை பேர்?”

“உள்ள நாலு பேர் இருக்காங்கண்ணே,” என்றாள் அக்கா. “மடங்காம வைங்க.”

அவர் உறையை வாங்கி, இருபுறமும் பார்த்து, மற்ற தபால்களுக்கு மேலே தட்டையாகக் கிடத்தினார். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மூட்டையை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது.